இடது பக்கம் சின்னவளுக்கு

பயம் வந்தால் சிலருக்கு வாய் உலர்ந்துபோகும். எனக்குத் திறந்துகொள்ளும். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா "ரெட்டைங்க" என்று சொன்னபோது, "நாங்க ஒண்ணுக்குத்தானுங்களே ஆர்டர் குடுத்தோம்" என்று கேட்டவன் நான். அவர் சிரிக்கவில்லை. படுத்திருந்த என் மனைவி சரசு சிரித்தாள். வயிறு குலுங்கியதில் திரையில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்து ஆடினார்கள்.

என் மீசை நரைத்த பிறகு, சரசுவுக்கு இனி இல்லை என்று சொந்தக்காரர்கள் கேட்பதையே நிறுத்திய பிறகு வந்த பிள்ளைகள். அந்தக் கதையை யாராவது கேட்டால் வேடிக்கையாகத்தான் தொடங்குவேன். பாதியில் ஒரு இடம் வரும், அங்கே பேச்சை மாற்றி டீ வாங்கப் போய்விடுவேன். இரட்டைப் பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து இப்போதும் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவாவது ஒரு தடவை டீ வாங்கப் போகாமல் முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் இன்சார்ஜ். எங்கள் மேசையில் ஒரு சட்டம் உண்டு. ஒரே நீலம் என்று நினைப்போம்; இரண்டு தடவை சாயம் போட்டால் இரண்டு நீலம். ஒரு லாட்டில் வெட்டிய உடம்புக்கு இன்னொரு லாட்டில் வெட்டிய கையைத் தைத்துவிட்டால் உள்ளே தெரியாது, வெயிலில் பிடித்தால் சட்டை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் நம்பர் ஒட்டுவோம். எது எதனோடு சேருமோ அதனோடுதான் போக வேண்டும். சரசுவும் கல்யாணமான புதிதில் அந்த நம்பர் ஒட்டும் மேசையில் நின்றவள்தான்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். இரண்டும் பெண். முதலில் வந்தவள் உருண்டையாக இருந்தாள். பின்னால் வந்தவள் பாதிதான் இருந்தாள், ஆனால் கண்ணை நன்றாகத் திறந்து எங்களைப் பார்த்தாள். வீட்டுக்குக் கூட்டி வந்ததும் மங்கலத்திலிருந்து என் அக்கா வந்து அடுப்படியையும் எங்களையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். வந்த அன்றே சரசு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"ரெட்டைப் புள்ளைக்கு ஆளுக்கொரு பக்கந்தான் சரசு. மாத்தி மாத்திக் குடுக்கப்படாது. ஒண்ணோட பங்கை ஒண்ணு குடிச்சா, குடிச்சதுக்கும் ஆகாது, உட்டதுக்கும் ஆகாது."

"அப்படியேங்க அண்ணி," என்றாள் சரசு. "இது நமக்குத் தெரிஞ்ச வேலைதானுங்களே. லாட்டு மாறாமப் பாத்துக்கோணும், அவ்வளவுதான்."

எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கம்பெனியிலிருந்து சைஸ் ஸ்டிக்கர் கொண்டுவந்து ஒரு தூளியில் 'எல்' என்றும் இன்னொன்றில் 'எஸ்' என்றும் ஒட்டினேன். வலது பக்கம் பெரியவளுக்கு, இடது பக்கம் சின்னவளுக்கு. இருட்டில்கூடத் தப்பு நடக்காது. எக்ஸ்போர்ட் குவாலிட்டி.

பெரியவள் வாயை வைத்தால் எடுக்க மாட்டாள். அவள் குடிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். சின்னவள் நாலு தடவை உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடுவாள். காது மடலைத் தடவி, பாதத்தைச் சுண்டி எழுப்பினால் இன்னும் இரண்டு தடவை. "பாவம், அடக்கமான புள்ளை," என்றாள் அக்கா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அழுது ஆர்ப்பாட்டம் செய்யாத பிள்ளையைக் குறை சொல்வதற்கு என்ன இருக்கிறது?

கொஞ்ச நாளில் வலது பக்கம் பால் பொங்கத் தொடங்கியது. துண்டு மாற்றி மாற்றி வைத்தாலும் ரவிக்கை நனைந்தது. இடது பக்கம் இளகி, தொட்டால் காலியான பை மாதிரி ஆகிவிட்டது. ரவிக்கை ஒரு பக்கம் பிடித்தது, ஒரு பக்கம் தொங்கியது. "வலது ஓவர்டைம் பாக்குது, இடது லீவு போட்டிருச்சு," என்றேன். முதல் தடவை சரசு துண்டால் அடித்தாள். அடுத்த தடவை சிரித்தாள். அதற்கடுத்த தடவை என்னைப் பார்க்காமல் இடது பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தாள். சுறாப் புட்டு செய்தாள். எல்லாம் வலது பக்கம் போய்ச் சேர்ந்தது.

சின்னவளின் தொடையில் தோல் மடிப்பு விழுவதை முதலில் பார்த்தது சரசு. "ஏனுங்க, இவளைத் தூக்குனா கை ஏமாந்து போகுதுங்க," என்றாள். எடை இருக்கும் என்று நினைத்துத் தூக்கினால் கை சட்டென்று மேலே போய்விடுகிறதாம். நான் தூக்கிப் பார்த்தேன். போனது. அப்போதே எனக்கு வாய் திறந்துகொண்டது. என்ன உளறினேன் என்று நினைவில்லை. கம்பெனிக்குக் கட்டிங் வேஸ்ட் வாங்க வருகிற வியாபாரியிடம் கொக்கித் தராசு ஒன்று இருக்கும். அதை வாங்கிவந்து உத்தரத்தில் மாட்டி, தூளித் துணியோடு பிள்ளைகளைத் தொங்கவிட்டேன். பெரியவளுக்கு முள் நன்றாக இறங்கியது. சின்னவளுக்குத் துணியின் எடைக்கு மேல் நகர யோசித்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பிறந்தபோது எழுதியிருந்த எடையைவிடக் குறைவு.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சரசு புடவை மாற்றப் போனாள்.

அடுத்து நடந்ததை எங்கள் கம்பெனியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆட்டோ பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதற்குள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். வரிசையில் நின்றவர்களை இடித்து, வாட்ச்மேனை இடித்து, குழந்தை டாக்டரம்மா மேசையில் பிள்ளையைக் கிடத்தி, "காப்பாத்துங்க தாயி" என்றேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வயிற்றை அழுத்தினார். கன்னத்தைக் கிள்ளினார். பிள்ளை ஏப்பம் விட்டது.

"நல்லா இருக்கே. என்ன பண்ணுது பாப்பாவுக்கு?" என்றார்.

நான் தூக்கி வந்தது பெரியவளை.

வெளியே வெடித்த சிரிப்பு அடங்குவதற்குள் சரசு சின்னவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆபரேஷன் தையல் வலிக்க, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள். டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்ததும் முகம் மாறியது. சிரித்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளையின் உடம்பு சில்லென்று இருந்தது. நோய் என்றால் உடம்பு சுடும் என்றுதான் நினைத்திருந்தேன். பச்சைப் பிள்ளைக்குக் கிருமி ரத்தத்தில் ஏறினால் சிலசமயம் சூடே வராதாம், குளிர்ந்துதான் போகுமாம். பால் குடிக்கச் சோம்பல், எழுப்பினால் எழாமை, குளிர்ச்சி இவைதான் அடையாளம். நாங்கள் அடக்கமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பால் விஷயம் பேசினார். நான் மெத்தப் படித்தவன் இல்லை, புரிந்த வரைக்கும் சொல்கிறேன். முலையில் பால் தண்ணீர்த் தொட்டி மாதிரி நிரம்பி நிற்பதில்லை. பிள்ளை இழுக்க இழுக்கத்தான் ஊறும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துக்கொள்ளும். நன்றாக இழுத்தால் அந்தப் பக்கம் நிறைய ஊறும், இழுக்காவிட்டால் இவ்வளவு போதும்போல என்று குறைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இருப்பது பெரும்பாலான தாய்மாருக்கு உள்ளதுதான், அதிலேயே பயப்பட ஒன்றுமில்லை. இரட்டைப் பிள்ளை என்றால் பக்கத்தை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். பலமான பிள்ளை இழுத்து ஊறவைத்த பக்கத்தில் பலமில்லாத பிள்ளை சுலபமாகக் குடித்துக்கொள்ளும்.

எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பதுதான். ஆர்டர் குறைந்தால் லைனில் ஆளைக் குறைப்போம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

"அப்படீன்னா நான் இவளைப் பட்டினி போட்டுட்டனுங்களா?" என்றாள் சரசு.

"இல்லம்மா. பிறக்கும்போதே சின்னப் பிள்ளை. கிருமி வந்ததால இழுக்கலையா, பால் பத்தாம பலம் குறைஞ்சு கிருமி வந்துச்சா, அதை யாராலயும் சொல்ல முடியாது. இப்ப உங்க பால்தான் அவளுக்கு மருந்து. பிழிஞ்சு குடுங்க."

மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு மெல்லிய குழாய். பனியன் கழுத்துக்கு வைக்கிற நூல் அளவுதான் இருக்கும். அதன் மேல் முனையில் ஊசிக்குழலை நிறுத்திப் பாலை ஊற்றினால் அது தானாக இறங்கும். பிள்ளைக்கு இழுக்கிற வேலை மிச்சம். சரசு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்ன எவர்சில்வர் டம்ளரில் பால் பிழிந்து உள்ளே அனுப்ப வேண்டும்.

வலது பக்கம் அழுத்தினால் டம்ளர் நிறையும். முதல் நாள் அதைத்தான் கொடுத்தாள். மறுநாளிலிருந்து அது மட்டும் போதாது என்றுவிட்டாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே பால்தான்ம்மா," என்றார் சிஸ்டர்.

"தெரியுமுங்க. வலத்தால இருந்தும் வேணுங்கறதை எடுத்துக்கங்க, நான் வேண்டாங்கலை. ஆனா இவ பக்கமும் ஊறோணும். ஊட்டுக்கு வந்தா இவ எதைக் குடிப்பா?"

உட்கார்ந்தாள். வெந்நீரில் நனைத்த துண்டை வைத்து, விரலால் சுற்றித் தேய்த்து, பின்னாலிருந்து முன்னால் நீவி, இடது பக்கத்தைப் பிழிந்தாள். முதலில் டம்ளரின் அடி நனைந்தது, அவ்வளவுதான். பிள்ளை பெற்றவர்கள் படுத்திருக்கும் வார்டில்தான் அவளுக்கும் கட்டில் கொடுத்திருந்தார்கள்; அங்கே ஆம்பிளைகள் உட்காரக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் முதுகு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த கட்டிலில் பொன்னுத்தாய் என்ற பெண் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். இங்கே ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவள். அவளுடைய பையனும் கண்ணாடிக்குள் மஞ்சள் காமாலைக்கு விளக்கடியில் கிடந்தான். சரசு உள்ளே போகும்போதெல்லாம் பெரியவளை அவள்தான் வைத்துக்கொள்வாள். என்னைப் பார்த்தால் அவளுக்குக் குஷி.

"ஏ அண்ணாச்சி, இன்னைக்காவது எந்தப் பிள்ளைன்னு பாத்துத் தூக்குனியளா?"

"சீட்டு ஒட்டியிருக்குதுங்க."

"ஒமக்கு ஒரு சீட்டு ஒட்டணும் அண்ணாச்சி. காணாமப் போனா எடுத்து வந்து குடுக்க வசதியா இருக்கும்."

சின்னவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எங்கிருந்தோ வந்த வீரத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். ஊசி ஏறியதும் மயக்கம் போட்டுவிட்டேன். பிள்ளைக்கு வேண்டியது ஒரு ஊசிக்குழல் ரத்தம். தந்தவனை எழுப்ப மூன்று பேர், ஒரு பாட்டில் குளுக்கோஸ். சரசுவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கம்பெனியில் கட்டிங் மேசைக்காரர்கள் ஒரு பாலித்தீன் கவரில் பணம் போட்டுக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார்கள். எல்லாம் சம்பளத்திலிருந்து எடுத்தது. அக்கா இரண்டு பஸ் மாறி ரசமும் சோறும் கொண்டுவந்தாள். வந்தால் சரசு கண்ணைப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் தூக்குப்போசியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க ஊருல அப்படித்தான் சொல்லுவாங்க சரசு. எனக்கு வேற தெரியாது சாமி."

"நானும் ஆமான்னு தலையாட்டுனவதானுங்களே அண்ணி. சோத்தைப் போடுங்க, பசிக்குது," என்றாள் சரசு. அவளுக்குப் பசிக்கவில்லை. அன்றைக்கு அக்காவுக்காக இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இடது பக்கம் ஊறியது. அடி நனைந்த டம்ளரில் விரல் கனம் வந்தது, பிறகு கால் டம்ளர், பிறகு அரை. ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் தூக்கிக் காட்டுவாள். நான் கட்டை விரலை உயர்த்துவேன். சின்னவளின் உடம்பிலும் சூடு வந்தது. கையைப் பிடித்தால் விரலை மடக்கினாள். ஒரு காலைப்பொழுது சிஸ்டர் அவளை வெளியே கொண்டுவந்து சரசு மடியில் வைத்து, "நேராக் குடுத்துப் பாருங்க" என்றார். என்னையும் கதவருகே நிற்க விட்டார்.

வலது பக்கம் கொடுங்கள், சுலபமாக வரும் என்று சிஸ்டர் சொன்னது எனக்குக் கேட்டது. சரசு இடது பக்கம் வைத்தாள். பிள்ளை தேடியது, பிடித்தது. நாலு தடவை உறிஞ்சியது. தூங்கப்போகிறது என்று நினைத்தேன். மறுபடியும் உறிஞ்சியது.

"கேக்குதுங்களா," என்றாள் சரசு, தலையைத் தூக்காமல். "முழுங்கறா."

எனக்குக் கேட்டது. வாசலில் வண்டி ஹாரன், வார்டில் நாலு பிள்ளை அழுகை, அதற்கு நடுவில் ஒரு சின்னத் தொண்டை விழுங்குகிற சத்தம்.

எத்தனை நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது என்று எண்ண விருப்பமில்லை. ஒரு மத்தியானம் வயிறு உப்பியது. குழாயில் பால் இறங்காமல் பச்சையாகத் திரும்பி வந்தது. குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்த பிள்ளைகளுக்குக் குடல் புண்ணாகி இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டரம்மா. பால் நிறுத்த வேண்டும், குடலுக்கு ஓய்வு. நாங்கள் தலையாட்டினோம். சரசு பிழிவதை மட்டும் நிறுத்தவில்லை. "நாளைக்குக் கேட்டாங்கன்னா இருக்கோணுமல்லங்க." அன்றைக்கு இடது பக்கம் முக்கால் டம்ளர் வந்தது. ஜன்னலில் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் காலை, வார்டு கழுவுகிற நேரம், என்னைக் கூப்பிட்டார்கள்.

துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனித் துணி. எக்ஸ்போர்ட் மிச்சத்தில் நான்தான் கொண்டுவந்திருந்தேன். என் கட்டை விரல் தானாக அந்தத் துணியைத் தேய்த்துப் பார்த்தது. எந்தத் துணியைத் தொட்டாலும் மிருதுவா, நூல் எழும்புகிறதா என்று பார்க்கிற கை அது. இத்தனை வருஷப் பழக்கம், நேரம் காலம் தெரியாது. கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. நல்ல துணி. ஒரு குறையும் இல்லை.

பொன்னுத்தாய் சரசுவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, பெரியவளைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "வாரும் அண்ணாச்சி, தாயி கிட்ட குடும்" என்றாள்.

அன்றே புதைத்துவிட்டோம். மூன்றாம் நாள் பால் ஊற்ற வேண்டும். அக்கா கடையிலிருந்து பசும்பால் வாங்கி வைத்திருந்தாள். நான் டிவிஎஸ் வண்டியை எடுக்கும்போது சரசு மூடி போட்ட டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பசும்பால் வேண்டாமுங்க. இது அவளோடது."

ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் வண்டி. வேலம்பாளையம் ரோட்டில் காலை ஷிப்ட் நேரம், கம்பெனி வேன்கள் உரசிக்கொண்டு போகின்றன. செக்கிங் பகுதியில் வேலை பார்க்கிற ஒருத்தர், ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பியவர், சைக்கிளில் பக்கத்தில் வந்தார்.

"என்னுங்கண்ணா, காலங்காத்தால டம்ளரோட? யாருக்குங்க?"

"சின்ன முதலாளிக்குங்க," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஊற்றும்போது ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினேன்.

பால் நிற்கவில்லை. செத்த பிள்ளையின் கணக்கு உடம்புக்குத் தெரியாது. இடது பக்கம் கட்டிக்கொண்டு கல்லாக ஆகியது. மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று அக்கா சொன்னாள். நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். பூ மார்க்கெட்டில் உதிரி மல்லிகை கேட்டேன். பூக்கார அம்மா நிறையப் போட்டு, "ஊட்டுல என்னுங்க விசேஷம்?" என்றாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் அது. "சும்மாதானுங்க" என்று மட்டும் வந்தது.

அக்கா பூவை வைத்துக் கட்டிவிட்டாள். பொழுது விடிவதற்குள் சரசு அதை அவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"வத்திப் போச்சுன்னா அவளுக்குன்னு ஒண்ணுமே இல்லாமப் போயிருமுங்க," என்றாள்.

"அப்படீன்னா பெரியவளுக்குக் குடு சரசு."

"அது இவளோடதில்லை."

பிழியவும் மறுத்துவிட்டாள். ஊற்றிவிட்டு வந்த பிறகு யாருக்காகப் பிழிய வேண்டும் என்று கேட்டாள். இரண்டு நாளில் இடது பக்கம் சிவந்து, குளிர்க் காய்ச்சல் வந்து, பல் கிட்டிக்கொண்டது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, பக்கத்து வார்டு.

இதற்குப் பெயர் பால் கட்டு. தேங்கிய பாலில் வீக்கம் வந்து, கிருமி சேர்ந்துவிடுவது. மாத்திரை உண்டு, ஊசி உண்டு, ஆனால் முதல் வைத்தியம் பாலை வெளியேற்றுவது. பிள்ளை குடிப்பதைப்போல எந்தக் கையும் வெளியேற்றாது, பிள்ளைக்கு அதனால் கெடுதியும் இல்லை. வெளியேறாவிட்டால் சீழ் வைக்கும், கத்தி வைத்துக் கீறி எடுக்க வேண்டும். டாக்டரம்மா இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"கத்தியே வெச்சிருங்க டாக்டரம்மா," என்றாள் சரசு.

அவர் என்னைப் பார்த்தார். பயம் வந்தால் திறக்கிற என் வாய் திறந்தது. ஏதாவது கோமாளித்தனம் செய்து அவளைச் சிரிக்கவைத்தால் சம்மதிப்பாள் என்று ஒரு நப்பாசை. கட்டிலருகே போய், "சரசு, நான் வேண்ணா..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாமுங்க," என்றாள். "இதுக்கு மட்டும் சிரிப்புக் காட்டாதீங்க."

வெளியே வந்து பைப்பில் முகம் கழுவினேன். ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்கு அழைப்பதாகச் சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. காற்றாடி நின்று வார்டே வெந்தது. காய்ச்சலில் சரசுவுக்கு உடம்பு வற்றிவிட்டிருந்தது. சோறு இறங்கியே நாளாகிவிட்டது. பெரியவளுக்கு வலது பக்கம் கொடுத்தாள். நாலு இழுப்புக்குப் பிறகு பிள்ளை வாயை எடுத்து அழுதது. மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தது. பொங்கி வழிந்த அந்தப் பக்கம் சுணங்கிக் கிடந்தது. பெரியவள் அழுதால் ஊரைக் கூட்டுகிறவள். அன்றைக்குக் கத்திக் கத்திக் குரல் மெலிந்துபோய், விட்டு விட்டு ஒரு முனகல் வந்தது. பிறகு அதுவும் குறைந்து, தூங்கப் பார்த்தது.

நான் விசிறிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் விசிற ஆள் வேண்டும் என்று என்னை உள்ளே விட்டிருந்தார்கள். சரசு பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இவ தூங்கறா."

"தூங்கட்டும் கண்ணு. அழுது களைச்சிருக்கா."

"அவளும் இப்படித்தானுங்க தூங்குனா," என்றாள்.

விசிறி என் கையில் நின்றது. சரசு பிள்ளையின் காது மடலைத் தடவினாள். பாதத்தைச் சுண்டினாள். கண் திறந்ததும் பிள்ளையைக் கையிலிருந்து கைக்கு மாற்றினாள். அந்தக் கையில் இவளை இதுவரை ஏந்தியதே இல்லை. தலையை எங்கே வைப்பது என்று தடுமாறினாள். நான் உதவப் போனேன், தலையசைத்து நிறுத்திவிட்டாள். சிவந்து வீங்கிய இடது பக்கத்தில் பிள்ளையின் வாயை வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பெரியவள் பிடித்ததும் சரசு பல்லைக் கடித்தாள். உயிர்போகிற வலி அது என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் வெளுத்துப்போயின. பிள்ளை விடவில்லை. பிறந்ததிலிருந்து எப்படிக் குடித்தாளோ அப்படிக் குடித்தாள், வார்டு முழுக்கக் கேட்கும்படி. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்தாள். சரசுவின் கண்ணோரத்தில் இருந்து காதுவரைக்கும் தண்ணீர் ஓடியது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. நான் துடைக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இவ இழுக்கறது வேற மாதிரி இருக்குதுங்க."

பிறகு, பிள்ளையின் தலைக்குக் கீழே கையைச் சரிசெய்துகொண்டு:

"மெதுவாக் குடி கண்ணு. இந்தப் பக்கத்துக்கு இது பழக்கமில்லை."